சென்றி என்று இறங்கினேன்

ஹெல்மெற் கொண்டைக்கு மேல் ஏறவில்லை.

அக்கா என் கொண்டையைக் குலைத்தா. இழுத்துப் பின்னினா. பின்னலைக் கோட்டுக்குள் விட்டா. பிறகு ஹெல்மெற்றைத் தலையில் வைத்து இரண்டு கையாலும் அமத்தினா. காது மடங்கி நொந்தது. 

அக்கா என்று சொன்னாலும் அவ எனக்குச் சொந்தமில்லை. இவருடைய ஊர்க்காரர் ஒருவரின் மனைவி. இவர் என்று நான் சொல்வது என் கணவரை. அக்கா குடும்பம் எல்லைக்குக் கிட்ட ஒரு ஜேர்மன் ஊரில் இருந்தது. ஆட்களைக் களவாக எல்லை கடத்தும் ஏஜென்சிக்காரன் என்னைப் பெர்லின் வழியாலே கொண்டுவந்து அவர்கள் வீட்டில் விட்டுவிட்டுப் போனான். குளிர் தொடங்கும் வரைக்கும் அங்கே இருந்தேன். யன்னல் பக்கம் போகவில்லை.

இவர் டென்மார்க்கில் இருந்தார். ஹொல்ஸ்டெப்ரோவில் ஓர் இறைச்சித் தொழிற்சாலையில் வேலை. என்னைக் கூப்பிட அந்த அரசாங்கத்துக்கு முறையாக எழுதிக் கொடுத்திருந்தார். பதில் இல்லை. அவருக்கு மட்டும் என்றில்லை. அங்கே இருந்த எங்கள் ஆட்களில் கனபேருக்கு இல்லை. எழுதிக் கொடுத்ததை எடுத்துப் பார்க்காமலே வைத்திருந்தார்கள் என்று பிறகு விசாரணையில் வந்தது. தமிழர் வழக்கு என்று பேப்பரிலும் டிவியிலும் கதைத்தார்கள். அது வந்த காலத்தில் நான் அல்பர்ட்ஸ்லுண்ட் என்ற டெனிஸ் ஊரில் ஒரு முதியோர் இல்லத்தில் நிலம் துடைத்துக்கொண்டிருந்தேன். ஆனால் நான் சொல்வது அதற்கு முந்திய காலம். அப்போது எங்களுக்கு ஒன்றும் தெரியாது. காத்திருந்தோம். ஊரில் இந்தியன் ஆமி நின்றது. ஒருநாள் இனிக் காத்திருக்க ஏலாது என்று வெளிக்கிட்டேன்.

நான் செய்யவேண்டியது ஒன்றுதான். டென்மார்க் மண்ணில் நின்று ஒரு சொல் சொல்ல வேண்டும். சொன்னால் இவரோடு இருக்கலாம். அதற்கு முதல் ஜேர்மன்காரன் பிடித்தால் அங்கேயே முகாமில் வைப்பான். அல்லது திருப்பி அனுப்புவான்.

அடைக்கலம் கேட்கிற அந்தச் சொல்லை இவர் டெலிபோனில் படிப்பித்தார்.

"அசூல். சொல்லும் பாப்பம்."

"அசூல்."

"ஓம். டென்மார்க்கில பிடிபட்டால் மட்டும் சொல்லும். ஜேர்மனியில சொல்லிப்போட்டீரெண்டால் துலைஞ்சுது. அங்கயே மறிச்சுப்போடுவாங்கள்."

"எது டென்மார்க் எண்டு எனக்கு எப்பிடித் தெரியும்?"

"கார் வழிய பின்னால எழுத்து இருக்கும். டி எண்டு தனிய நிண்டால் ஜேர்மன்காரன். டிகே எண்டால் டெனிஸ். அதைப் பாரும்."

நான் ஆறாம் வகுப்போடு நின்றவள். ஆனால் ஆங்கில எழுத்துத் தெரியும். டி ஜேர்மனி, டிகே டென்மார்க். இரவில் கிடந்து அதையே சொல்லிக்கொண்டிருந்தேன்.

மோட்டார்சைக்கிள் இவருடைய யோசனை. கூட வேலை செய்த ஒரு டெனிஸ்காரனிடம் இரவல் வாங்கினார். கார் என்றால் கண்ணாடிக்குள்ளால் முகம் தெரியும். ரெயினில் ஏறினால் பொலிஸ் நேரே எங்களிடம்தான் வரும். மோட்டார்சைக்கிளில் ஹெல்மெற் இருக்கும். கையுறை இருக்கும். கறுப்போ வெள்ளையோ ஒருத்தனுக்கும் தெரியாது.

"என்ன வந்தாலும் ஹெல்மெற்றைக் கழட்டக் கூடாது. விளங்குதோ?" என்றார்.

விளங்குது என்றேன்.

அவர் வந்து நின்றது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. நாலு வருசத்துக்குப் பிறகு பார்க்கிறேன். மெலிந்திருந்தார். மீசை இல்லை. ஹெல்மெற்றைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றார். அக்காவுக்கு முன்னால் என்ன கதைக்கிறது?

"வந்திட்டீரோ?" என்றார்.

வந்தது அவர். ஆனாலும் "ஓம்" என்றேன்.

அக்கா தன்னுடைய களுசானை, நீளக் காற்சட்டையை, எனக்குத் தந்தா. நான் சீலைக்கு மேலே கோட்டைப் போட்டால் காணும் என்று நினைத்திருந்தேன்.

"சீலையோட போனால் மறைவோ? அம்மன் வீதியுலா வருதெண்டு ஜேர்மன்காரன் வாசலுக்கு வந்து நிப்பான்" என்றா அக்கா. "போடடி களுசானை. ரெண்டு பக்கமும் கால் போட்டு இரு. கோழிக்கூடு மாதிரி ஒருபக்கம் தொங்காதை."

களுசான் எனக்கு அதுதான் முதல் தடவை. தொடை தெரிவது மாதிரி இருந்தது. கோட்டை இழுத்து இழுத்து விட்டேன். அக்கா வாசலில் நின்று கும்பிட்டா. அழுதா. நான் அழவில்லை. அழுதால் ஹெல்மெற்றுக்குள் துடைக்க முடியாது.

பெரிய ரோட்டில் ஏறவில்லை. எல்லாம் உள் ரோட்டுகள். இரண்டு பக்கமும் உழுத வயல். கறுத்த மண். மழை தூறிக்கொண்டிருந்தது. வீடுகள் ஒன்றுக்கொன்று எட்டத்தில் நின்றன. ஆள் இல்லை. பன்றி மணம் ஹெல்மெற்றுக்குள்ளும் வந்தது. எங்கள் ஊரில் ஆள் இல்லாத ரோட்டு என்றால் ஏதோ நடந்திருக்கிறது, அல்லது நடக்கப்போகிறது. அதனால் எனக்கு அந்த அமைதி பிடிக்கவில்லை. யாரும் இல்லாத ஒவ்வொரு சந்தியிலும் திரும்பிப் பார்த்தேன்.

நான் இவரைப் பிடிக்கவில்லை. சீற்றுக்குப் பின்னால் ஒரு கம்பி இருந்தது. அதைப் பிடித்தேன். நாலு வருசம். முதுகு கூடத் தெரியாத முதுகு மாதிரி இருந்தது.

ஒரு வேதக் கோயில் மதிலுக்குப் பின்னால் நிறுத்தினார். மடித்து வைத்திருந்த ரோட்டு மப்பைப் பார்த்தார். நான் இறங்கிக் காலை உதறினேன். தொடை உள்பக்கம் நொந்தது. திரும்ப ஏறும்போது பழக்கத்தில் ஒருபக்கமாக இருந்துவிட்டேன். இரண்டு காலும் இடதுபக்கம்.

திரும்பிப் பார்த்தார். "உப்பிடியோ வரப்போறீர்?"

"எனக்கு இதுதான் ஏலும்."

"சரி, விழாமல் இரும். இனிக் கொஞ்சத் தூரந்தான். முன்னுக்கு ஒரு பண்ணை. அதுக்குப் பின்னால கிரவல் ரோட்டு. ஒரு வாய்க்கால். அங்கால டென்மார்க். நான் அதாலதான் வந்தனான். ஒருத்தரும் இல்லை."

"வேலி இருக்குமோ?"

"இல்லை."

"சென்றி?"

"சென்றியும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. ஒரு கல்லு நிக்கும். அவ்வளவுதான்."

எனக்கு நம்பிக்கை வரவில்லை. ஒரு நாட்டுக்கும் மற்ற நாட்டுக்கும் நடுவில் சென்றி இல்லையாம். எங்கள் வீட்டில் இருந்து சந்தைக்குப் போக இரண்டு சென்றி.

சென்றி தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். ரோட்டில் மண்மூட்டை அடுக்கி ஆமி நிற்கும். எட்டத்தில் கண்டதும் சைக்கிளில் வருகிறவன் இறங்க வேண்டும். மோட்டார்சைக்கிள் என்றால் எஞ்சினை நிற்பாட்டி உருட்ட வேண்டும். பின்னால் இருக்கிறவள் அதற்கு முதலே இறங்கி நடக்க வேண்டும். தலையில் துணியோ தொப்பியோ இருந்தால் எடுக்க வேண்டும். அடையாள அட்டை கையில் இருக்க வேண்டும். பிந்தி இறங்கினால் சுடுவான். எங்கள் ஒழுங்கையில் ஒருவர் காது கேளாமல் ஓடிப்போய் அப்படித்தான் செத்தார். இறங்குவதை ஒருவரும் யோசித்துச் செய்வதில்லை. பச்சை உடுப்பைக் கண்டால் கால் தானாக நிலத்துக்குப் போகும்.

பண்ணை வந்தது. அதன் பின்பக்கத்தால் கிரவல் ரோட்டில் திரும்பினோம். குண்டும் குழியும். மோட்டார்சைக்கிள் மெதுவாகக் குலுங்கிக்கொண்டு போனது. வாய்க்காலுக்கு மேல் ஒரு சின்ன மதகு வந்தது. அதைத் தாண்டியதும் ரோட்டு வாய்க்கால் ஓரமாக வளைந்தது.

வளைவில் பற்றை. பற்றைக்குப் பக்கத்தில் பச்சை உடுப்பு. கையில் துவக்கு.

இறங்கிவிட்டேன்.

ஒருபக்கமாக இருந்ததால் சுகமாக வழுக்கி இறங்கினேன். இரண்டடி தடுமாறினேன், விழவில்லை. கம்பியைப் பிடித்திருந்தபடியால் நான் விட்டது இவருக்குத் தெரியவில்லை. குலுக்கலோடு குலுக்கலாகப் போய்விட்டது. இவர் போய்க்கொண்டே இருந்தார். கூப்பிடலாம். ஆனால் சென்றியில் சத்தம் போடக் கூடாது. போடவில்லை. வளைவில் திரும்பினார். சத்தம் குறைந்தது. பிறகு இல்லை.

நான் ஹெல்மெற்றைக் கழற்றிக் கையில் வைத்தேன். மற்றக் கையைக் கோட்டுக்குள் விட்டு அடையாள அட்டையை எடுத்தேன். ஏஜென்சிக்காரன் பாஸ்போட்டை வாங்கிக்கொண்டான். அட்டையை நான் கொடுக்கவில்லை. எடுத்து நீட்டிக்கொண்டு தலையைக் குனிந்து நடந்தேன்.

அந்த மனிதன் அசையவில்லை. வயதாளி. சிவந்த முகம். இடுப்புப் பட்டியில் ஒரு பெரிய கோழி மாதிரிப் பறவை தலைகீழாகத் தொங்கியது. அதன் சொண்டில் இருந்து இரத்தம் சொட்டியது. காலடியில் ஒரு நாய்.

அவன் ஆமி இல்லை, வேட்டைக்காரன் என்று இன்றைக்குத் தெரியும். அன்றைக்குப் பச்சையும் துவக்கும் இரத்தமும் மட்டும் தெரிந்தது.

"மொயின்" என்றான்.

இவர் சொல்லித் தந்ததில் அந்தச் சொல் இல்லை. டெனிஸ்காரன் "கொடே" என்பான், ஜேர்மன்காரன் "கூட்டன் டாக்" என்பான் என்று சொல்லித் தந்திருந்தார். இது இரண்டும் இல்லை. அந்தப் பக்கங்களில் எல்லைக்கு இரண்டு புறமும் அப்படித்தான் சொல்வார்களாம், பிறகு அறிந்தேன். எனக்கு "மொய்" என்றுதான் கேட்டது. மொய் வாங்க நிற்கிறானோ என்று ஒரு கணம் நினைத்தேன். பயத்தில் மனம் எங்கெல்லாமோ போகிறது.

அட்டையை நீட்டினேன். வாங்கினான். படத்தைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். அட்டையைத் திருப்பி மற்றப் பக்கமும் பார்த்தான். சிங்களமும் தமிழும். அவனுக்கு என்ன விளங்கும்? தலையை ஆட்டிவிட்டு மரியாதையாகத் திருப்பித் தந்தான். அப்படியே சென்றிக்காரன் செய்வது மாதிரி. என் பயம் இன்னும் கூடியது.

அசூல் என்று சொல்லலாமா? எந்த நாட்டில் நிற்கிறேன்? மதகு தாண்டியதா, தாண்ட இன்னொன்று இருக்கிறதா? கார் ஒன்றும் இல்லை. எழுத்துப் பார்க்க என்ன இருக்கிறது?

அப்போதுதான் கல்லைக் கண்டேன். வாய்க்காலின் கரையில், முழங்கால் உயரம். என்னைப் பார்த்தபடி ஒரு எழுத்து வெட்டியிருந்தது.

டி.

தனிய டி. கே இல்லை.

 இது ஜேர்மனி. கல்லுக்கு இந்தப் பக்கம் ஜேர்மனி, அந்தப் பக்கம் டென்மார்க். இன்னும் வரவில்லை. வாய் வரைக்கும் வந்த சொல்லை விழுங்கினேன். இவர் அங்கால் போய்விட்டார். நான் இங்கே மாட்டிக்கொண்டேன். வாய்க்கால் அகலமில்லை. தண்ணீர் கணுக்கால் அளவு. அதைத் தாண்டினால் போதும்.

பாய்ந்தேன்.

சப்பாத்து சேற்றில் புதைந்தது. கையை ஊன்றி ஏறி அக்கரையில் நின்றேன். பின்னால் அவன் கத்தினான். "நை, நை!" அது 'வேண்டாம்' என்று அப்போது எனக்குத் தெரியாது. சுடப்போகிறான் என்று தெரியும். ஹெல்மெற்றைக் கீழே போட்டுவிட்டுக் கையைத் தலையில் வைத்துக் குந்தினேன். கண்ணை மூடினேன். நாய் வாய்க்காலைப் பாய்ந்து வந்து என் முகத்தை மணந்து பார்த்தது. அதன் மூச்சு சூடாக இருந்தது. அசையாமல் இருந்தேன். "அசூல்" என்றேன். மெதுவாக. நாய்க்குத்தான் கேட்டிருக்கும்.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. பிறகு மோட்டார்சைக்கிள் சத்தம் கேட்டது. வேகமாக வந்தது. கண்ணைத் திறந்தேன்.

வளைவில் இவர். என்னைக் கண்டார். அந்த மனிதனைக் கண்டார். உடனே எஞ்சினை நிற்பாட்டினார். இறங்கினார். ஹெல்மெற்றைக் கழற்றிக் கையில் கொளுவினார். மோட்டார்சைக்கிளை உருட்டிக்கொண்டு தலை குனிந்து நடந்து வந்தார்.

 கழற்றக் கூடாது என்று எனக்குச் சொன்ன மனிசன்.

வேட்டைக்காரன் துவக்கை இரண்டாக மடித்துத் தோளில் போட்டான். எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தான். ஒருத்தி அக்கரையில் தலையில் கை வைத்துக் குந்தியிருக்கிறாள். ஒருவன் இக்கரையில் மோட்டார்சைக்கிளை உருட்டிக்கொண்டு வருகிறான். அந்த ஆள் தன் வாழ்நாளில் அப்படி ஒன்றைக் கண்டிருக்க மாட்டான்.

என்னைக் காட்டி ஏதோ கேட்டான். அதில் "கோனெ" என்று ஒரு சொல் எனக்குத் தனியாகக் கேட்டது.

"யா" என்றார் இவர். "மின் கோனெ."

என்னுடைய மனைவி. இவர் வாயால் நான் நேரே கேட்ட முதல் டெனிஸ் சொல் அதுதான். அன்றைக்கு அதுவும் விளங்கவில்லை.

"ஏன் அங்க போய்க் குந்தியிருக்கிறீர்?" என்று இவர் கத்தினார்.

"இது டென்மார்க். நீங்கள் இஞ்சால வாங்கோ!"

"என்ன கதைக்கிறீர்? நான் நிக்கிறதுதான் டென்மார்க்."

"அங்க டி எண்டு கல்லில கிடக்கு! தனிய டி!"

இவர் கல்லைப் பார்த்தார். அவருக்கும் விளங்கவில்லை.  வேட்டைக்காரனிடம் கல்லைக் காட்டிக் கேட்டார். அவன் கல்லில் தான் நின்ற பக்கத்தைக் கையால் தட்டினான். "டன்மாக்" என்றான். பிறகு கல்லுக்கு மேலால் எட்டி அந்தப் பக்கத்தைத் தட்டினான். என் பக்கத்தில் இரண்டு எழுத்து இருந்தது. டி, பி. "டுஸ்லன்" என்றான், ஜேர்மனியை.

"பழைய கல்லாம்" என்றார் இவர். "காருக்கு வேறயாம், கல்லுக்கு வேறயாம். கல்லில டி எண்டால் டென்மார்க்தானாம். எடி விசரி, நீ டென்மார்க்கில நிண்டு போட்டு ஜேர்மனிக்குப் பாய்ஞ்சிருக்கிறாய்."

கோபத்தில் 'நீர்' போய் 'நீ' வந்துவிட்டது. எனக்கு எழும்ப முடியவில்லை.  திரும்பப் பாயச் சொன்னால் பாய மாட்டேன் போல் இருந்தது. முதல் தடவை பயம் பாய வைத்தது. இப்போது பயம் இருத்தி வைத்தது.

வேட்டைக்காரன் வாய்க்கால் கரைக்கு இறங்கிக் கையை நீட்டினான். பெரிய கை. விரலில் இரத்தம் காய்ந்திருந்தது. ஒரு கையால் ஹெல்மெற்றை எடுத்துக்கொண்டு மற்றக் கையால் பிடித்தேன். ஒரே இழுவையில் தூக்கி இந்தப் பக்கம் வைத்தான். நாய்தான் கடைசியாக வந்தது.

பிறகு இவரிடம் நீளமாக ஏதோ சொன்னான். அந்தப் பகுதி டெனிஸ் வேறு மாதிரி. இவருக்குத் தெரிந்தது தொழிற்சாலை டெனிஸ். கத்தி, இடைவேளை, கெதியாகச் செய். அதை வைத்துக்கொண்டு தலையை ஆட்டினார். நான் ஒரே ஒரு சொல்லைப் பிடித்தேன். டெலிபோன்.

"மொயின்" என்றுவிட்டு அந்த மனிதன் வயலுக்குள் இறங்கிப் போனான். வரும்போதும் அதே சொல், போகும்போதும் அதே சொல்.

"டெலிபோன் எண்டான்" என்றேன்.

"ஓம். எனக்கும் கேட்டது."

"பொலிசுக்கு அடிக்கப்போறானோ?"

"தெரியேல்லை. தான் இண்டைக்குக் கோழி மட்டுந்தான் கண்டதெண்டும் சொன்ன மாதிரி இருந்தது. ஏறும், ஏறும்."

ஹெல்மெற்றை அவரே என் தலையில் வைத்து அமத்தினார். அக்காவை விட மோசமாக அமத்தினார். இந்த முறை இரண்டு பக்கமும் கால் போட்டேன். கம்பியைப் பிடிக்கவில்லை. இரண்டு கையாலும் அவரைச் சுற்றிப் பிடித்தேன். கோட்டுக்குள்ளால் அவருடைய நெஞ்சு அடிப்பது என் கைக்குத் தெரிந்தது. என்னை விட வேகமாக அடித்தது. அப்போதுதான் இவரும் பயத்தோடுதான் வந்திருக்கிறார் என்று விளங்கியது.

டோனர் என்ற ஊரைச் சுற்றிக்கொண்டு போனோம். பிறகு வடக்காலே உள் ரோட்டுகள். வழியில் ஒரு வெள்ளைக் கார் பின்னால் வந்தது. முந்தவில்லை. நாங்கள் திரும்பிய இடத்தில் அதுவும் திரும்பியது.

"அவன்தான் சொல்லிப்போட்டான்" என்று அவருடைய முதுகுக்குள் சொன்னேன். அவருக்குக் கேட்கவில்லை.

அந்தக் கார் ஒரு வேதக் கோயில் வாசலில் நின்றது. கறுப்புக் கோட்டோடு ஒரு கிழவியும் கிழவனும் இறங்கினார்கள். பூசைக்குப் போகிறவர்கள். அதற்குப் பிறகு பால் லொறியைக் கண்டும் பயந்தேன். ஆரஞ்சு உடுப்போடு ரோட்டுத் திருத்துகிறவனைக் கண்டும் பயந்தேன். கால் இறங்கப் பார்த்தது. இவர் ஒரு கையை எடுத்து என் முழங்காலை அமத்திப் பிடித்தார். ஒவ்வொரு முறையும் அமத்தினார்.

ஹொல்ஸ்டெப்ரோவுக்கு வர வெயில் சரிந்துவிட்டது. மாடி வீடு. படியில் ஒரு டெனிஸ் மனிசி குப்பைப் பையோடு இறங்கி வந்தா. என்னைப் பார்த்தா. நான் ஹெல்மெற்றோடு சுவரோடு ஒட்டி நின்று வழி விட்டேன். இவர் ஏதோ சொல்லித் தலையாட்டினார். அவ சிரித்துவிட்டுப் போனா. சிரித்தது எதற்கு என்று பயந்தேன்.

அறைக்குள் ஒரு கட்டில், ஒரு மேசை, இரண்டு கதிரை. ஒரு கதிரை புதுசு. விலை ஒட்டின துண்டு இன்னும் உரிக்காமல் இருந்தது.

"இரும்" என்றார். தேத்தண்ணிக்குக் கேத்தலை வைத்தார். திரும்பிப் பார்த்தார். "ஹெல்மெற்றைக் கழட்டுமன்."

"கழட்டக் கூடாதெண்டு சொன்னீங்கள்."

"அது ரோட்டில. இப்ப வீட்டுக்கு வந்தாச்சு."

"ரோட்டில நீங்கள் கழட்டினீங்கள்தானே. வேட்டைக்காரன் எண்டு உங்களுக்குத் தெரியுந்தானே?"

கேத்தலின் மூடியை எடுத்துத் திரும்ப வைத்தார்.

"போகேக்கயே தெரியும். வேட்டைக்காரன் எண்டுதான் நிக்காமல் போனனான். அங்கால போய்க் கதை குடுத்தால் பதில் இல்லை. கையை விட்டுத் துளாவினன், ஆள் இல்லை. திரும்பி வந்தால் நீர் தலையில கையை வைச்சுக்கொண்டு குந்தியிருக்கிறீர். உம்மை அப்பிடிக் கண்டவுடன..." கையை விரித்தார். "கால் தானா இறங்கிட்டுது."

அடுத்த நாள் காலை பொலிசுக்குப் போக வேண்டும். போனோம். அந்தச் சொல்லைச் சொன்னேன். இந்த முறை சத்தமாகச் சொன்னேன். அங்கே மேசைக்குப் பின்னால் இருந்தவர் எழுதிக்கொண்டார். பிறகு முகாம், காத்திருப்பு, விசாரணை எல்லாம் இருந்தது. இருக்க விட்டார்கள். வேட்டைக்காரன் பொலிசுக்குச் சொல்லியிருந்தால் அன்றைக்கே வந்திருப்பார்கள். டெலிபோன் வேண்டுமா, என் வீட்டுக்கு வாருங்கள் என்றுதான் அந்த ஆள் கேட்டிருக்க வேண்டும். டெனிஸ் படித்த பிறகு அப்படி நினைக்கிறேன். சரியாகத் தெரியாது.

அன்றைக்கு அது ஒன்றும் தெரியாமல் புதுக் கதிரையில் ஹெல்மெற்றோடு இருந்தேன். கேத்தல் கொதித்தது. படியில் யாரோ ஏறும் சத்தம் கேட்டது. இருவரும் கதவைப் பார்த்தோம். சத்தம் எங்கள் கதவைத் தாண்டி மேலே போனது.

"கதவு பூட்டினீங்களோ?" என்றேன்.

"ஓம்."

"ஒருக்கால் இழுத்துப் பாருங்கோ."

எழும்பிப் போய் இழுத்துப் பார்த்தார். பூட்டித்தான் இருந்தது.

பிறகுதான் கழற்றினேன்.